ஏனாமில் பதினோரு வருஷம்

அமுதவல்லி வேலை பார்த்த துறையோட பேரை இங்க சொல்ல வேண்டாம். சொன்னா நாளைக்கே விளக்கம் கேட்டு ஒரு மெமோ வரும், அதுக்குப் பதில் எழுத நமக்குத் தெம்பு கிடையாது. புதுச்சேரி கவர்மெண்டுல ஒரு சின்னத் துறை. பழைய கட்டடம், உசந்த கூரை, கூரையிலேர்ந்து நீளமா கம்பி விட்டுத் தொங்குற ஃபேன், ஃபேனுக்குக் கீழ ஃபைல். அந்த ஃபைலுக்கெல்லாம் பின்னால எங்கயோ முப்பது பேரு உக்காந்திருந்தாங்க. அவ்வளவு தெரிஞ்சா போதும்.

அமுதவல்லிக்கு அங்க எஸ்டாப்ளிஷ்மென்ட் சீட்டு. யாருக்கு லீவு, யாருக்கு இன்கிரிமென்ட், யாரை எந்த ஊருக்குத் தூக்கி அடிக்கணும், எல்லாம் அவ மேசையிலதான் உருவாகும். டைரக்டர் கையெழுத்து போடுவாரு, அவ்வளவுதான். எழுதுறது இவ. அதனால அந்த ஆபீஸ்ல டைரக்டருக்கு வணக்கம் சொல்ல மறந்தவன் உண்டு, அமுதவல்லிக்குச் சொல்ல மறந்தவன் கிடையாது. இவளும் அதை வாங்கி வாங்கி நல்லாவே பழகிட்டிருந்தா.

ஒரு திங்கக்கிழமை ஏனாம்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு.

ஏனாம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சூப்பரின்டெண்ட் தெய்வசிகாமணி அடிக்கடி சொல்வாரு, பிரெஞ்சுக்காரன் போறப்ப எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போனவன், நாலு திசையில கிடந்த நாலு ஊரை மட்டும் ஒரே கயித்துல கட்டிப் போட்டுட்டுப் போயிட்டான்னு. இங்க புதுச்சேரி. தெற்கால காரைக்கால். மாஹே கேரளாவுக்குள்ள. ஏனாம் ஆந்திராவுக்குள்ள, கோதாவரிக் கரையில, எண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட. நாலுக்கும் ஒரே கவர்மெண்டு. சாயந்திரம் ஆனா பீச்சுல காத்து வாங்கிட்டு வீட்டுக்குப் போற புதுச்சேரி ஊழியனைப் பயமுறுத்த பேய் பிசாசெல்லாம் வேண்டியதில்ல. காதுகிட்ட போய் ஏனாம்னு சொன்னா போதும், மறுநாளே பிரஷர் மாத்திரை வாங்குவான்.

லெட்டர் எழுதுனவர் ஏனாம் கிளை அதிகாரி கிருஷ்ணசாமி. இங்க ஒரு யு.டி.சி. சீட்டு, அதாங்க, சீனியர் கிளார்க்கு சீட்டு, ரொம்ப வருஷமா காலியா கிடக்குது, நான் ஒண்டி ஆளா தபாலும் பிரிச்சு பதிலும் எழுதி ஒட்டிக்கிட்டு இருக்கேன், தயவுபண்ணி யாரையாவது அனுப்புங்கன்னு எழுதியிருந்தாரு. இந்த மாதிரி லெட்டர் வருஷத்துக்கு ரெண்டு வரும். வந்து, நம்பர் வாங்கி, கட்டோட கட்டா தூங்கப் போயிடும். ஆனா இந்தத் தடவை டைரக்டர் புதுசு. பிரேம்குமார்னு பேரு, முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது, வந்த காகிதத்தை வந்த அன்னிக்கே படிக்கிற கெட்ட பழக்கம் உள்ள மனுஷன். லெட்டர் மேல பச்சை மையில எழுதிட்டாரு: "தலைமையகத்தில் நீண்ட காலம் இருக்கும் யு.டி.சி.க்களின் பட்டியல் வேண்டும். இரண்டு நாளில்."

பட்டியல் போட வேண்டியவ அமுதவல்லி. போட்டா. முதல் பேரு, அ. அமுதவல்லி, பதினோரு வருஷம். ரெண்டாவது பேரு தமிழ்மாறன், ஒன்பது வருஷம். பேனாவை மூடி வச்சுட்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி பார்த்தா. முதல் பேரு அப்பவும் அவ பேராத்தான் இருந்துச்சு.

ஊர் மாத்துறதெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு கேக்கலாம். அமுதவல்லிக்குப் பெரிய விஷயம்தான். ஏன்னா அவளுக்குப் புருஷன் கிடைச்சு ஒன்றரை மாசம்தான் ஆகுது. தப்பா நினைக்காதீங்க, கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷம். அவ புருஷன் ராஜவேலுவும் கவர்மெண்டுதான், வேற துறையில ஸ்டோர் கீப்பர். அவரை மாஹேயில கொண்டுபோய் அஞ்சு வருஷம் போட்டாங்க. அங்கேர்ந்து இறக்கி காரைக்கால்ல நாலு வருஷம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கவர்மெண்டுல இருந்தா ஒரே ஊர்ல வைக்கணும்னு விதி இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. இருக்கு. அந்த விதியில 'இயன்றவரை'ன்னு ஒரு வார்த்தையும் இருக்கு. அந்த ஒத்தை வார்த்தையை வச்சே ஒன்பது வருஷம் ஓட்டிட்டாங்க.

அந்த ஒன்பது வருஷமும் குடித்தனம் பஸ்ஸுலதான் நடந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி வருவாரு, தூங்குவாரு, ஞாயித்துக்கிழமை துணி துவைச்சு முடிக்கிறதுக்குள்ள கிளம்புவாரு. அதுக்கு முன்னாடியாவது சேர்ந்து இருந்தாங்களான்னா, அப்ப மாமனார் மாமியார் கொழுந்தன் நாத்தனார்னு வீடு நிறைய ஆளு. இப்பதான் பையன் காலேஜுக்கு சென்னை போயிட்டான், இவரு புதுச்சேரிக்கே மாத்தலாகி வந்துட்டாரு, கருவடிக்குப்பத்து வீட்டுல ரெண்டே பேரு. சொந்த வீட்டுல சர்க்கரை டப்பா எங்க இருக்குதுன்னு மனுஷனுக்குத் தெரியல. ஃபேனை மூணுல வைக்கிறதா நாலுல வைக்கிறதான்னு தினமும் சண்டை. ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுறாருன்னு அமுதவல்லி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் குறைப்பட்டுக்கிட்டா. கேட்டவங்களுக்கெல்லாம் தெரியும், அது குறை இல்லன்னு. அவளுக்கு அந்த ஈரத் துண்டு வேணும். நாப்பத்தாறு வயசுல வந்த வாழ்க்கையை ஒரு பச்சை மைக்காக விட்டுக்குடுக்க அவ தயாரா இல்ல.

சரி, பொய் எழுதிடலாமான்னா, அது அவகிட்ட கிடையாது. இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் எழுதுனதில்ல அவ. உண்மையை எந்த ஃபைல்ல எவ்வளவு நாள் உக்கார வைக்கிறதுங்கிறதுதான் அவளுக்குத் தெரிஞ்ச வித்தை. ஃபைலை யாரும் முடியாதுன்னு சொல்லித் திருப்பக் கூடாது, ஒரு கேள்வி கேட்டு அனுப்பணும். கேள்வி போய்ப் பதில் வர்றதுக்குள்ள டைரக்டரே மாறிடுவாரு.

முதல் கேள்வி ஏனாமுக்கே போட்டா. அந்த சீட்டுல என்ன வேலை, கடந்த பத்து வருஷத்துல வந்த தபால் எத்தனை, போன தபால் எத்தனை, ஆண்டுவாரியாக அட்டவணை தரவும். சாதாரணமா இது மூணு மாசம் தாங்கும். பிரேம்குமார் அந்த லெட்டரை செல்போன்ல படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. நாப்பதாவது நிமிஷம் கிருஷ்ணசாமி பன்னெண்டு பக்க அட்டவணை அனுப்பிட்டாரு. மனுஷன் வருஷக்கணக்கா யாராவது இதைக் கேக்க மாட்டாங்களான்னு ரெடி பண்ணி வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு.

ரெண்டாவது, கணக்குப் பிரிவோட கருத்து கேட்டு ஃபைலைக் கீழ் மாடிக்கு அனுப்பச் சொல்லி எழுதுனா. கீழ் மாடிக்கு இறங்குற ஃபைல் மேல ஏறி வர ஒரு பொங்கல் போயி அடுத்த பொங்கல் வரணும். அன்னிக்கு மத்தியானம் பியூன் பாவாடை மூச்சு வாங்க ஓடி வந்தாரு.

"மேடம், டைரக்டரு ஃபைலைக் கையில எடுத்துக்கிட்டு அவரே படி இறங்கிப் போறாரு."

"கையிலயா?"

"ஆமா மேடம், கக்கத்துல வச்சுக்கிட்டு. இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு அக்கிரமத்தை நான் பார்த்ததில்ல. எனக்கு ஏதாச்சும் மெமோ வருமா?"

கால் மணி நேரத்துல ஃபைல் கருத்தோட மேல வந்துடுச்சு. ஆட்சேபணை இல்லை. பச்சை மையில அடியில ஒரு வரி: "நாளை காலை இறுதி செய்யவும்."

வீட்டுக்குப் போனவ ராஜவேலுகிட்ட எதுவும் சொல்லல. அவரு வைத்திக்குப்பத்துலேர்ந்து சங்கரா மீன் வாங்கிட்டு வந்து, அவரே கழுவி, அவரே குழம்பு வச்சு, உப்பு போட மறந்திருந்தாரு. உப்பில்லாத குழம்பை ரெண்டு தரம் ஊத்திச் சாப்பிட்டா. அதுலயே அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

"என்ன அமுதா, ஆபீஸ்ல ஏதாச்சும்?"

"ஏனாம்க்கு என்னைப் போடப் பாக்குறாங்க."

ராஜவேலு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சாரு. அப்புறம் எழுந்துபோய் ஃபேனை மூணுலேர்ந்து நாலுக்கு வச்சாரு, அதாவது அவளுக்குப் புடிச்ச நம்பருக்கு. அமுதவல்லி அந்த ஃபேனையே பார்த்தா. போகமாட்டேன், யாரு வந்தாலும் போகமாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

மறுநாள் காலையில எல்லாருக்கும் முன்னாடி ஆபீஸுக்கு வந்து பீரோவைத் திறந்தா. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல பெண் ஊழியருக்கு எப்பவாவது விலக்கு குடுத்திருக்காங்களான்னு தேடுனா. கிடைக்கல. கடைசியா பணியிடப் பதிவேட்டை எடுத்தா. எந்த ஊர்ல எத்தனை பணியிடம், அதுல யாரு இருக்காங்கன்னு எழுதி வைக்கிற தடிப் புஸ்தகம் அது. ஏனாம் பக்கத்தைத் திருப்புனா. யு.டி.சி., ஒரு பணியிடம். எதிர்ல இருந்த பேரு: அ. அமுதவல்லி.

எழுத்து அவ எழுத்துதான். பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு புரமோஷன் வந்தப்ப புதுச்சேரியில காலி இடம் இல்ல. ஏனாம் இடத்துல பேரை ஏத்தி, ஆளை மட்டும் 'மறு உத்தரவு வரும்வரை தற்காலிகமாகத் தலைமையகத்தில்' வச்சுக்கிட்டாங்க. இந்த ஊர்ல இது சகஜம், பேரு ஒரு ஊர்ல, ஆளு ஒரு ஊர்ல. மறு உத்தரவு யாரு போடணும்? எஸ்டாப்ளிஷ்மென்ட் போடணும். அவ போடல, மறந்தே போயிட்டா. தேடிப் போன சாமி குறுக்க வந்து நின்னுச்சு.

அமுதவல்லி நாற்காலியில உக்காந்தா. காகிதப்படி பார்த்தா அவ இந்த ஊர்லயே இல்ல. பதினோரு வருஷமா ஏனாம்ல கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கா. பாவம். வெளியூர்ல ரெண்டு வருஷம் முடிச்சவங்களையே திருப்பிக் கூப்பிடணும்னு விதி. இவளை பதினோரு வருஷமா ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல.

பத்து நிமிஷத்துல நோட்டு தயார். "திருமதி அமுதவல்லி, யு.டி.சி., பதினோரு ஆண்டுகளாக ஏனாம் பணியிடத்தில் உள்ளார். வெளிப்பகுதிப் பணிக்காலம் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கடந்தும் அவர் திரும்ப அழைக்கப்படவில்லை. அவரைத் தலைமையகத்துக்கு மாற்றி, தலைமையகத்தில் நீண்ட காலம் உள்ள திரு. தமிழ்மாறனை ஏனாமுக்கு மாற்றலாம். கருணையுடன் பரிசீலிக்க வேண்டப்படுகிறது." ஒரு எழுத்து பொய் கிடையாது.

தமிழ்மாறனுக்காக நீங்க வருத்தப்பட வேண்டாம். கையெழுத்து போட்டுட்டு தட்டாஞ்சாவடிக்குப் போய் மச்சான் பட்டறையில மேற்பார்வை பார்த்துட்டு, சாயந்திரம் மறுபடி கையெழுத்து போட வர்ற ஆளு அவன். ஏனாம் போனா பட்டறைக்குத்தான் நஷ்டம், கவர்மெண்டுக்கு இல்ல.

நோட்டை தெய்வசிகாமணி மூணு தடவை படிச்சாரு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்துச்சு அவருக்கு. முன்மாதிரி இருக்கான்னு கேக்காம ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டதில்ல.

"என்னம்மா இது. நீ ஏனாம்லயா இருக்க?"

"ஆமா சார்."

"அப்ப என் எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு?"

"தற்காலிக ஏற்பாடு சார்."

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாரு. பழைய ஆர்டரை எடுத்துப் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "இதுக்கு முன்மாதிரி இருக்கா?"

"இல்ல சார். இனிமே வர்றவங்களுக்கு நான் முன்மாதிரியா இருந்துட்டுப் போறேன்."

"கழுவுற மீன்ல நழுவுற மீனும்மா நீ," னு சொல்லிட்டு கையெழுத்து போட்டாரு.

டைரக்டர் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்புனாங்க. பிரேம்குமார் நோட்டைப் படிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சிரிக்கிறாரா கோவமான்னு முதுகைப் பார்த்து ஒண்ணும் தெரியல. திரும்புனப்ப முகம் சாதாரணமா இருந்துச்சு.

"ஏனாம் எப்படி இருக்கும்மா?"

"படத்துல பார்த்திருக்கேன் சார்."

"பதினோரு வருஷம் வேலை பார்த்த ஊரு, ஒரு தடவை நேர்ல பார்த்துடுங்க. நீங்க எழுதுனதெல்லாம் சரி. விதின்னு வந்துட்டா முழுசா விதிதான். ஏனாம் ஊழியர் ஏனாம்லேர்ந்துதான் ரிலீவ் ஆகணும். ஒரு நாள் போய் அங்க கையெழுத்து போட்டு, ரிலீவ் ஆகிட்டு வந்து இங்க சேருங்க. ஆர்டரை நீங்களே டைப் பண்ணிக் கொண்டாங்க, இப்பவே போட்டுடறேன்."

ஒரு நாள்தானே. அமுதவல்லி போன வருஷ மாத்தல் ஆர்டர் ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல திறந்து, பேரை மாத்தி, ஊரை மாத்தி, தேதியை மாத்தி, ரெண்டாவது பத்தியில தன்னோட தற்காலிக ஏற்பாடு ரத்துன்னும் சேர்த்து எடுத்துட்டு வந்தா. டைரக்டர் பேனாவை நிறுத்தி இவ முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் கையெழுத்து போட்டாரு. அன்னிக்குச் சாயந்திரமே தமிழ்மாறனுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. மறுநாள் மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட ஒரு மாச லீவு லெட்டர் அவ மேசைக்கு வந்துச்சு. "பாவம், நல்ல முதுகு," னு சிரிச்சுக்கிட்டே அதை ஒரு ஃபைல்ல போட்டு, வந்து பார்த்துக்கலாம்னு கட்டி வச்சா.

ராஜவேலுவும் நாலு நாள் லீவு போட்டாரு. இருபத்தி ரெண்டு வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து போற முதல் நீளப் பயணம். புளிசோறு கட்டிக்கிட்டா, எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கிட்டா, புதுப் புடவை ஒண்ணு பெட்டியில வச்சா. மத்தியானம் புதுச்சேரி ஸ்டேஷன்ல காக்கிநாடா ரயில் ஏறுனாங்க. கீழ் பெர்த்து யாருக்குன்னு சண்டை போட்டாங்க. நெல்லூர் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க. என்ன பேசுனாங்கன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. நம்ம கவர்மெண்டு செலவில்லாம ஒரு தேனிலவு குடுத்திருக்குன்னு அவரு சொன்னாரு, சும்மா இருங்க நாலு பேரு கேக்கப் போறாங்கன்னு இவ சொன்னா. அவ்வளவு சந்தோஷமா அவ இருந்து பல வருஷம் ஆச்சு.

விடிஞ்சதும் காக்கிநாடாவுல இறங்கி, பஸ் புடிச்சு ஏனாம் போய்ச் சேர்ந்தாங்க. ஆபீஸ் ரெண்டு ரூமு. கிருஷ்ணசாமி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரு. புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரரு, ஊரை விட்டு வந்து நாலு வருஷமாச்சு, தமிழ்ல பேச ஆள் கிடைச்சதுல மூச்சு விடாம பேசுனாரு. உள்ள ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலி மேல கடையில சுத்திக் குடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்துச்சு.

"இது உங்க நாற்காலிம்மா. வாரா வாரம் துடைச்சு வச்சிருக்கேன்."

அமுதவல்லி சிரிச்சுக்கிட்டே உக்காந்தா. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போட்டா. ராஜவேலு கோதாவரியைப் பார்க்கப் போயிட்டாரு. டீ வந்துச்சு, மத்தியானம் கிருஷ்ணசாமி வீட்டு சாப்பாடு வந்துச்சு. சும்மா இருக்க வேண்டாமேன்னு நாலு தபாலுக்குப் பதில்கூட எழுதிக் குடுத்தா. மனுஷன் அதை வாங்கிப் பார்த்துக் கண் கலங்கிட்டாரு. அஞ்சு மணிக்கு அவ எழுந்தா.

"சார், ரிலீவ் பண்ணிடுங்க. நாளைக்கு ரயிலு."

கிருஷ்ணசாமி மேசை டிராயரைத் திறந்து ஆர்டரை எடுத்தாரு. ரொம்ப மரியாதையா அவ முன்னாடி வச்சு, கடைசிப் பத்தியில விரலை வச்சாரு. "பதிலாள் பொறுப்பேற்ற பின்னரே முன்னவர் விடுவிக்கப்படுவார்."

அமுதவல்லி அந்த வரியைப் பார்த்தா. எல்லா மாத்தல் ஆர்டர்லயும் கடைசியில வர்ற வரி. வெளியூர் சீட்டு காலியாயிடக் கூடாதுன்னு எந்தக் காலத்துலயோ எந்த மகராசனோ எழுதி வச்சது. பழைய ஆர்டர்லேர்ந்து புது ஆர்டருக்கு அது தானா வரும். இதுவரைக்கும் ஒரு நூறு பேருக்காவது அவ கையாலயே போயிருக்கும். ஒரு தடவைகூட அதை நின்னு படிச்சதில்ல. டைரக்டர் கையெழுத்து போடுறப்ப பேனாவை நிறுத்தி ஒரு நிமிஷம் இவ முகத்தைப் பார்த்தாரே, அது இப்பதான் அவளுக்கு உறைச்சுது.

"சார், எனக்கு அங்க பழைய தற்காலிக ஏற்பாடு இருக்கே. அதை வச்சு நான் போயிடறேன்."

"அதை ரெண்டாவது பத்தியில நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்கம்மா. நல்லா எழுதியிருக்கீங்க, ஒரு ஓட்டை இல்ல. தமிழ்மாறன் வந்து சேர்ந்த நிமிஷம் நானே உங்களை ரயில் ஏத்தி விடறேன். அதுக்கு முன்னாடி போனீங்கன்னா அனுமதி இல்லாம வேலைக்கு வராததா எழுதணும். எனக்கு அப்படி எழுத மனசு வராது."

வெளிய வந்து தெய்வசிகாமணிக்குப் போன் போட்டா.

"சார், ஆர்டர்ல அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துட்டு ஒரு திருத்தம் போடுங்க."

"போடலாம்மா. யாரு எழுதணும்?"

"எஸ்டாப்ளிஷ்மென்ட்."

"எஸ்டாப்ளிஷ்மென்ட்ல யாரு இருக்கா?"

அமுதவல்லி போனை அடுத்த காதுக்கு மாத்துனா.

"சரி சார், தமிழ்மாறன் லீவை ரத்து பண்ணியாவது ஆளைக் கிளப்புங்க."

"அவன் லீவு ஃபைல் உன் மேசையிலதான் கட்டு கட்டி கிடக்குது. நீ கட்டுன கட்டை நான் எப்படிம்மா பிரிப்பேன். உன் சீட்டுக்கு வேற ஆள் போடலாம்னா அதுக்கும் ஒரு நோட்டு வேணும், அதை எழுதுறதும் உன் சீட்டுதான். நான் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவன், இதுக்கெல்லாம் முன்மாதிரியும் இல்ல." கடைசியா, "சாப்பிட்டியா?" ன்னு கேட்டுட்டு வச்சுட்டாரு.

காசு குடுத்து வாங்குன சூனியமா இருந்தாலும் பரவாயில்ல, இது கவர்மெண்டு பேப்பர்ல கவர்மெண்டு மையில தனக்குத் தானே வச்சுக்கிட்டது. ராஜவேலு ஆத்தங்கரையிலேர்ந்து ரெண்டு கொய்யாப்பழத்தோட திரும்பி வந்தப்ப ஆபீஸ் படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. ஆர்டரை அவர்கிட்ட நீட்டுனா. அவரு எல்லாத்தையும் விட்டுட்டு நேரா கடைசிப் பத்தியைப் படிச்சாரு. ஒன்பது வருஷ அனுபவம், எங்க பார்க்கணும்னு அவருக்குத் தெரியும்.

"நீங்க மட்டும் நாளைக்குப் போய் அந்த வீட்ல என்ன பண்ணுவீங்க?" ன்னு கேட்டா. "சர்க்கரை டப்பா மேல் தட்டுல, உளுந்து டப்பாவுக்குப் பின்னாடி இருக்குது." சொல்லிட்டு மறுபடி அழுதா.

ராஜவேலு அவளைத் தேத்தல, டைரக்டரைத் திட்டல, சட்டம் பேசல. "இங்கயே இரு," ன்னு கடைத்தெருப் பக்கம் போனாரு. அரை மணி நேரம் கழிச்சு வந்தாரு. தோள்ல ஒரு பாய், கையில துணி காயப்போடுற நைலான் கயிறு, ஒரு மக்கு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டு.

அமுதவல்லி மூக்கைத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கெட்டைப் பார்த்தா.

"இவ்வளவு பெருசு எதுக்கு? ஒரு மாசத்துக்குச் சின்னதா ஒண்ணு போதாதா?"

ராஜவேலு பக்கெட்டைப் படியில இறக்கி வச்சாரு.

"மாஹேக்குப் போனப்ப நானும் சின்னதாத்தான் வாங்குனேன் அமுதா," ன்னாரு.